மருதாணிக் கையோடு போட்ட ஓட்டு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வீட்டுக்காரரைக் கேட்டால், "வர்றது இருக்கட்டும், போனாத்தானே மறுபடி வர்றதுக்கு?" என்பார். அப்படிப்பட்ட நான், வாழ்க்கையில் முதன்முதலாக ஓட்டுப் போடப் போன இடத்தில் கத்தியும் ஒன்றும் நடக்காமல் விழித்துக்கொண்டு நின்றேன். அன்று எனக்காகப் பேசியவர் பக்கத்து வீட்டு அமா. பர்மியத்தில் அமா என்றால் அக்கா. அவருக்குப் பட்ட கடனை எழுத்தில் சொன்னாலாவது கொஞ்சம் தீருமா என்று பார்க்கிறேன்.

பர்மாவில் ஓட்டுப் போட வயது மட்டும் போதாது. குடியுரிமை அட்டை வேண்டும். வார்டு ஆபீசில் ஒட்டுகிற பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். நான் பிறந்தது இங்கேதான், மாவ்பி என்கிற ஊரில். அப்பாவும் அம்மாவும் கீரை போட்டுச் சந்தையில் விற்றவர்கள். குடிசை தீப்பிடித்தபோது அவர்களுடைய காகிதமெல்லாம் சாம்பலாகிவிட்டது. கல்யாணமாகித் தின்கன்ஜூனுக்கு வந்து, தையல் மெஷின் போட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற காலத்திலும் அட்டைக்காக நடையாய் நடந்தேன். "நீ எந்த ஊர்க்காரி?" என்று ஒவ்வொரு மேசையிலும் கேட்டார்கள். பிறந்த மண்ணில் நின்றுகொண்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால்தான் தெரியும் அந்த எரிச்சல். முந்தைய தேர்தலில் வீட்டுக்காரர் உள்ளே போய் ஓட்டுப் போட்டார். நான் பள்ளிக்கூட வாசலில் அவருடைய குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் "நீங்க போடலையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

ஒருவழியாக அட்டை வந்தது. அடுத்த தேர்தல் அறிவித்ததும் பட்டியலைப் பார்க்க அமாவும் கூட வந்தார். நான் பதற்றத்தில் மேலும் கீழும் தேடிக்கொண்டிருக்க, அவர்தான் விரலை வைத்துக் காட்டினார். (அமா பேசுவது பர்மியம். என் காதில் அது எங்கள் வீட்டுத் தமிழாகத்தான் விழும், அப்படியே எழுதுகிறேன்.)

"அம்மாடி! இந்தா இருக்கே ஒன் பேரு! ஞீமா, நீயும் இனிமே பெரிய மனுஷிதான். மொத ஓட்ட எங்க ஆளுக்குப் போட்டுரு."

"ஒங்க ஆளுக்கா? அதுக்கு நான் குடையவே பிடிச்சிக்கிட்டு நிப்பேன்."

ஞீமா என்றால் தங்கை. தங்கை என்று கூப்பிடுவாரே தவிர, அரசியலில் நானும் அவரும் எலியும் பூனையும்தான். அவருடைய வேட்பாளர் எங்கள் தெருவுக்கு ரோடு போட்டுக் கொடுத்தவர். அமாவுக்கு அந்த நன்றி. எனக்கோ அந்த ஆளைக் கண்டாலே ஆகாது, ஆட்சி மாற வேண்டும் என்று இருந்தது. தேர்தல் நெருங்க நெருங்க, வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று நாங்கள் போடுகிற சண்டையைத் தெருவே கேட்டு ரசித்தது. நான் யாருக்கு ஓட்டுப் போடுவேன் என்பது ஊருக்கே தெரியும்.

அந்த வருஷம் ஓட்டு நாள் தீபாவளியை ஒட்டி வந்தது. ஓட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் வழக்கம்போல மருதாணி அரைத்தேன். பர்மியப் பெண்களும் மருதாணி வைப்பார்கள், ஆனால் நகத்துக்கு மட்டும். நாங்கள் விரல் நுனிக்கே தொப்பி போடுவோம். பத்து விரலுக்கும் தொப்பி போட்டுத் துணி சுற்றிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது அமா வந்தார். என்னால் கரண்டி பிடிக்க முடியவில்லை என்று பார்த்துவிட்டு, சோற்றைப் பிசைந்து எனக்கு ஊட்டியே விட்டார். ஊட்டும்போதும் அவருடைய ஆளின் பெருமைதான். வாயில் சோறு இருந்ததால் என்னால் பதில் பேச முடியவில்லை.

காலையில் விரல்கள் கறுத்துச் சிவந்திருந்தன. எனக்கு ஒரே பெருமை. ஓட்டுப் போட்டதும் விரலை மையில் முக்குவார்கள், மை உள்ள விரலோடு வந்தவரை மறுபடி விடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அது என் புத்தியில் உறைக்கவில்லை. தீபாவளி வந்தால் மருதாணி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் வரிசை நீளமாக இருந்தது. வீட்டுக்காரர் ஆண்கள் வரிசையில், அமா எனக்குப் பின்னால். மேசையில் ஒரு பள்ளி ஆசிரியை, நாங்கள் சயாமா என்று கூப்பிடுவோம், அட்டையை வாங்கிப் பார்த்தார். பெயர் சரி. "கையக் காட்டுங்க" என்றார். காட்டினேன். அவருடைய முகம் மாறிவிட்டது.

"என்னங்க இது, விரலெல்லாம் கறுப்பா?"

"மருதாணி சயாமா. எங்க பண்டிகை வருது."

அமாவின் கட்சிக்காக உள்ளே உட்கார்ந்திருந்த முகவர் எழுந்து வந்தார். எங்கள் தெருக்காரர்தான். "மைய மறைக்க மேல சாயம் பூசியிருக்கலாம். சந்தேகம்னா திருப்பி அனுப்பணும்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பத்து விரல்லயும் சாயம் இருக்கே, அப்ப நான் என்ன பத்து ஓட்டா போட்டுட்டு வந்தேன்?" என்று கத்தினேன். வரிசையில் சிலர் சிரித்தார்கள். சயாமா சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் ஓடிவந்து, "விடும்மா, வம்பு வேணாம், வீட்டுக்குப் போவோம்" என்றார். மறுபடியும் வீட்டுக்கா! அத்தனை வருஷம் நடந்து அட்டை வாங்கி, பட்டியலில் பெயரும் வந்து, மேசை வரைக்கும் வந்த பிறகா? கோபம் எங்கே போனதோ தெரியவில்லை, அழுகைதான் வந்தது.

அப்போதுதான் அமா வரிசையை விட்டு முன்னால் வந்தார்.

"சயாமா, நீயும் நகத்துக்கு மருதாணி வச்சிருப்பல்ல? ராத்திரி முழுக்க இருந்தாத்தானே இப்படிச் செவக்கும்? பெட்டி தொறந்ததே இன்னிக்குக் காலையிலதான். மை வச்சிட்டு அதுக்குள்ள எப்படி இப்படிச் செவக்க வப்பா? நேத்து சாயங்காலம் கட்டுப் போட்ட கையோட இருந்தா. சோறு ஊட்டிவிட்டது நானு."

முகவர் அவரைத் தனியே இழுத்து, "அமா, இவ யாருக்குப் போடுவான்னு ஒங்களுக்குத் தெரியாதா?" என்று தாழ்ந்த குரலில்தான் கேட்டார். அமா பதிலை மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"நல்லாத் தெரியும்! அவ ஓட்டு, அவ போடுவா. நீ போய் ஒன் நாற்காலியில ஒக்காரு!"

சயாமா மை வைக்கிற விரலான என் இடது சுண்டு விரலைப் பிடித்துப் பார்த்தார். நகக்கண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் நகங்களையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். பிறகு பட்டியலை என் பக்கம் திருப்பி, "கையெழுத்துப் போடுங்க" என்றார். மறைப்புக்குள் போய்ச் சரியான இடத்தில்தான் முத்திரை குத்தினேன். வெளியே வந்தால் இன்னொரு கூத்து. சிவந்த விரலில் மை தெரியாதே! சயாமா விரலை மைப்புட்டிக்குள் இரண்டாவது கணு வரை முக்கி எடுத்துவிட்டார். வீட்டுக்காரர் அதைப் பார்த்து, "விரலு குளிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

சாயங்காலம் அதே பள்ளிக்கூடத்தில் எண்ணினார்கள். ஒவ்வொரு சீட்டையும் தூக்கிக் காட்டிப் பெயரைச் சொல்ல, கரும்பலகையில் கோடு போட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே கூட்டம். நானும் அமாவும் அதில் நெருக்கியடித்து நின்றோம். முதலில் இரண்டு பேர் கோடுகளும் சமமாகவே ஓடின. பிறகு என் பக்கம் கூடிக்கொண்டே போயிற்று. கடைசியில் என் ஆள் ஜெயித்தார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். என்னால் தட்ட முடியவில்லை. அமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அதற்குப் பிறகு ராணுவத்தின் கையில் இந்த நாட்டில் தேர்தலுக்கும் அதன் முடிவுகளுக்கும் என்னென்ன ஆயிற்று என்பது எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். அமா என்னோடு இனிமேல் பேசுவாரா?

பின்னாலேயே ஓடிப் போய் அவர் வாசலில் நின்றேன். விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் மனசில் இருந்ததையே சொன்னேன்.

"அமா, ஒங்க ஆளு தோத்ததுல எனக்கும் பங்கு இருக்கு. நீங்க வாயத் தொறக்காம இருந்திருந்தா எனக்கு ஓட்டே இல்ல."

"தெரியுதுல்ல?" என்றார். முகத்தைப் பார்த்தால் உண்மையாகவே வருத்தமாகத்தான் இருந்தார். பிறகு நகர்ந்து, பாயில் எனக்கு இடம் விட்டார்.

"இங்க பாரு ஞீமா, தோத்ததுல வயிறு எரியத்தான் செய்யுது. ஆனா போன தடவ நீ வாசல்ல நின்னியே, அத உள்ளேருந்து நான் பாத்தேன். அன்னிக்கு என் ஆளு ஜெயிச்சாரு. வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு எறங்கல."