றஞ்சினி சொல்லாமல் விட்டவை

மன்னார்ப் பக்கம் அடம்பனில், தண்ணீர் இறைக்கும் வோட்டர் பம் திருத்தும் சுபாஸ்கரனுக்குக் காது கேட்காது. போரின் கடைசி மாதங்களில் பதுங்குகுழிக்குப் பக்கத்தில் விழுந்து வெடித்த செல், அவனுடைய இரண்டு காதுகளையும் ஏழு வயது மகள் டிலக்சனாவையும் ஒன்றாகக் கொண்டுபோனது. முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பிய அன்று, இடிந்த வீட்டு வாசலில் நின்று மகளின் பெயரைச் சொல்லி அவன் அழத் தொடங்கினான். மனைவி றஞ்சினி அவன் வாயைப் பொத்தினாள். அதற்குப் பிறகு அவன் அறிய அந்த வீட்டில் அந்தப் பெயர் எழவில்லை. இவள் பிள்ளையை மறந்துவிட்டாள் என்றே அவன் முடிவுகட்டினான். பத்து ஆண்டுகளாக அந்த நினைப்பு அவனை அரித்தது. கேட்கத்தான் துணிவில்லை.

மற்றபடி அவனுக்குக் காது அவள்தான். பம் கொண்டுவருகிறவர்கள் பேசுவார்கள், அவள் கைச்சாடையில் சொல்வாள். ஊரில் எல்லோரும் தங்கமான சனம் என்று அவன் நம்பிக்கொண்டிருந்தது அவளுடைய புண்ணியத்தில்தான்.

ஒருநாள் அவனுடைய போன் தானாக அப்டேட் ஆகி, ஆளே மாறிப்போய் நின்றது. பழுதாகிவிட்டதாக்கும் என்று மன்னார் ரவுணில் போன் கடை வைத்திருக்கும் இன்சாபிடம் கொண்டு ஓடினான். இன்சாப் புதிதாக வந்தவற்றை ஒவ்வொன்றாகக் காட்டினான். கண் கூசாத கறுப்புத் திரை, பற்றரியை மிச்சம் பிடிக்கும் வசதி, நடந்த தூரத்தைச் சொல்லும் வசதி. காலையும் மாலையும் வயல் வரம்பில் நடக்கிறவனுக்கு அந்தக் கணக்கு எதற்கு? கடைசியாக எதையோ அமத்திவிட்டு இன்சாப் வாயைத் திறந்தான். அவன் பேசப் பேசத் திரையில் எழுத்து ஓடியது.

"சுபாஸ் அண்ணை, இனி நான் கதைக்கிறதை நீங்கள் வாசிக்கலாம்."

சுபாஸ்கரன் போனைத் திருப்பி முதுகுப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான். வீட்டில் இதை அவன் சொல்லவில்லை. மெல்லச் சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று வைத்திருந்தான்.

மறுநாள் பம் எடுக்க வந்த இராசேந்திரம் ஓயாமல் பொரிந்தார். றஞ்சினி வழக்கம்போல, நல்ல வேலை என்று பாராட்டுகிறார் எனச் சாடை காட்டினாள். மடியில் இருந்த போன் வேறு கதை சொன்னது. "இந்தச் செவிடனிட்ட மெசினைக் குடுத்தது என்ர விசர்."

சுபாஸ்கரன் வெடித்துச் சிரித்தான். இத்தனை காலமும் எத்தனை ஏச்சைப் பாராட்டாக்கித் தந்திருப்பாள், பாவி! இராசேந்திரம் முழித்தபடி பம்மைத் தூக்கிக்கொண்டு போனார். றஞ்சினியும் ஒன்றும் புரியாமல் தேங்காய் திருவக் குசினிக்குள் போய்விட்டாள்.

தேத்தண்ணி கேட்கப் பின்னால் போனவன், குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தான். அவள் எப்போதும்போல முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தாள். நிறுத்த மறந்து கையில் வைத்திருந்த போனில் எழுத்து மறுபடி ஓடியது. வேலிக்கு அப்பால் யாரும் நிற்கிறார்களோ என்று எட்டிப் பார்த்தான். ஒருவரும் இல்லை. பேசுவது றஞ்சினிதான்.

"டிலா, அப்பா இண்டைக்கு வாய்விட்டுச் சிரிச்சவர் பிள்ளை. ஏனெண்டுதான் தெரியேல்லை. நீ இருந்தால் கேட்டுச் சொல்லியிருப்பாய்."

நேற்றுத் தொடங்கிய பேச்சாக அது இல்லை. இந்த முதுகுக்குப் பின்னால்தான் அவன் இத்தனை ஆண்டுகளும் தேத்தண்ணி குடித்தான், மனதுக்குள் அவளைத் திட்டவும் செய்தான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய ஆறுதலாகவும் இருந்தது.

"றஞ்சி," என்றான். தன் குரலின் அளவு அவனுக்குத் தெரியாது. முற்றத்துக் கோழிகள் சிதறி ஓடின. "டிலாவோட கதைக்கேக்க என்னையும் சேர்த்துக்கொள்."

அவள் திரும்பினாள். தான் பேசியது போனில் எழுத்தாக நிற்பதைக் கண்டாள். சாடை காட்டக் கையைத் தூக்கினாள், விரலெல்லாம் தேங்காய்ப்பூ. கையை இறக்கிவிட்டு அவனுக்குப் பக்கத்தில் வந்து நிலத்தில் உட்கார்ந்து, போனைப் பார்த்துப் பேசினாள். அவன் வாசித்தான்.

"அண்டைக்கு உங்கட வாயைப் பொத்தினது, நீங்கள் அழுதால் நானும் விழுந்துபோவன் எண்டுதான். பிறகு கையை எடுக்கத் தெரியேல்லை."