ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர்

தியாகுவைக் கஞ்சன் என்று சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். கஞ்சன் தனக்கென்று சேர்த்துவைப்பான். தியாகுவிடம் தனக்கென்று இருந்தது இரண்டு பேண்ட்டும் ஒரு மூக்குக்கண்ணாடியும்தான். ஏசி கம்பெனி ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேன். துபாயில் எழும்பும் கட்டடங்களில் குளிர்காற்று எந்தக் குழாய் வழியாக எந்த அறைக்குப் போக வேண்டும் என்று வரைந்து கொடுப்பது அவர் வேலை. ஊரையெல்லாம் குளிரவைத்த அந்த மனிதர், தன் அறையில் பிள்ளைகள் கண்ணயரும்வரை ஏசியை ஓடவிட்டுப் பிறகு அணைத்துவிடுவார். அவர்கள் அறைக்கும் எங்கள் அறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். அந்த ஏசி நின்றதும் எனக்கும் வியர்க்கிற மாதிரி இருக்கும்.

ஷார்ஜாவில் ஒரே ஃபிளாட்டை இரண்டு குடும்பமாகப் பங்குபோட்டுக்கொண்டு இருந்தோம். ஒரு அறையில் நானும் என் வீட்டுக்காரர் சிவசங்கரனும். மற்ற அறையில் தியாகு, அவர் மனைவி ஜலஜா, பெண் ஹர்ஷினி, சின்னவன் பாலமுரளி. அடுப்பில் வலது பக்கம் எனக்கு, இடது பக்கம் ஜலஜாவுக்கு. ஃப்ரிட்ஜில் மேல்தட்டு அவளுக்கு, கீழ்த்தட்டு எனக்கு. துணி துவைக்கும் மெஷினுக்குக்கூடக் கிழமை இருந்தது. ஒரு பொருளை ஒரே குடும்பம் முழுசாக அனுபவிப்பது என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

ஹர்ஷினிக்குப் பனி பார்க்க வேண்டும். ஆறாம் வகுப்பில் இருந்தபோது அது தொடங்கியது. லீவு முடிந்து வந்த தோழிகள் சுவிட்சர்லாந்து என்றும் லெபனான் என்றும் போட்டோக்களைக் கொண்டுவந்து காட்டினார்கள். காலில் கட்டையைக் கட்டிக்கொண்டு, மூக்கு சிவந்து, அப்பா அம்மாவோடு பனியில் நிற்கிற போட்டோக்கள். நாம எப்பப்பா ஸ்கீ பண்ணப் போவோம் என்று கேட்டாள். அடுத்த வருஷம் என்றார் தியாகு. அதற்கடுத்த வருஷமும் அதையே சொன்னார். பிறகு துபாயில் ஒரு மாலுக்குள்ளேயே பனிமலையைக் கட்டித் திறந்துவிட்டார்கள். விமானம் ஏற வேண்டாம், விசா வேண்டாம், ஹோட்டல் வேண்டாம். நேரே போய் நின்றால் போதும். "பாத்தியா, வெயிட் பண்ணதுல எவ்வளவு மிச்சம்!" என்று பெண்ணிடம் பெருமையாகச் சொன்னார். அப்படிச் சொல்லியும் ஒரு வருஷம் ஓடிவிட்டது.

இரண்டாயிரத்து ஏழில் வாடகையை ஒரேயடியாக ஏற்றினார்கள். ஸ்கூல் ஃபீஸும் ஏறியது. ஜலஜாவையும் பிள்ளைகளையும் திருச்சிக்கு அனுப்பிவிட்டு, தியாகு ஏதாவது ரூமில் ஒரு கட்டில் இடம் பிடித்துக்கொள்வது என்று முடிவானது. அந்த வருஷம் எங்கள் கட்டடத்தில் வாரத்துக்கு ஒரு குடும்பமாவது அட்டைப்பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தது. அதனால் யாரும் அதைப் பெரிய துக்கமாகப் பேசவில்லை. போக வேண்டியவர்கள் போனார்கள்.

டிக்கெட் எடுத்த அன்று ஹர்ஷினி அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். நான் அடுப்படியில் இருந்தேன். காதில் விழுந்தது.

"போறதுக்கு முன்னாடி ஸ்னோ பாக்கணும்பா. நாலு பேரும் ஒண்ணா. நீங்க வெளிய பையப் புடிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது. பிராமிஸ்?"

"பிராமிஸ்டா" என்றார் தியாகு. அந்தப் பெண்ணுக்கு அப்பாவை நன்றாகவே தெரிந்திருந்தது. ஷார்ஜா பூங்காவில் ராட்டினத்தில் ஏறியபோதும், கடலில் படகில் போனபோதும் அவர் கரையில் நின்று கையாட்டியவர்தான்.

அன்றிலிருந்து தியாகுவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. போய் வந்தவர்களையெல்லாம் விசாரித்தார். கட்டை கட்டிச் சறுக்குகிற மலைக்கு ஒரு விலை. கீழே சும்மா விளையாடி, தட்டில் உட்கார்ந்து வழுக்கிக்கொண்டு வருகிற இடத்துக்கு ஒரு விலை. கீழேயே போதும் என்றாள் ஹர்ஷினி. கோட்டும் பூட்ஸும் அவர்களே தருவார்கள், கையுறையும் குல்லாவும் நம் பொறுப்பு என்று தெரிந்ததும் தேரா கடைத்தெருவுக்குப் போய் முகம்மது சித்தீக் என்பவர் கடையில் பேரம் பேசி வாங்கிவந்தார். பாலமுரளிக்குக் கிடைத்தது மங்கி குல்லா. அதைப் போட்டுக்கொண்டு அவன் ஏப்ரல் வெயிலில் வராந்தாவில் நடந்தபோது நான் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி வழிந்தது.

வியாழன் இரவு தியாகு தன் யோசனையைச் சொன்னார். பெரியவர்களுக்கு ஒரே டிக்கெட். உள்ளே இரண்டு மணி நேரம் விடுகிறார்கள். முதல் பாதி ஜலஜா. அப்புறம் அவள் வெளியே வந்து கோட்டைக் கழற்றிக் கொடுக்க, அதே டிக்கெட்டில் மீதி நேரத்துக்கு அவர் போவார்.

"நாலு பேரும் உள்ள போன மாதிரியும் ஆச்சு, ஒரு டிக்கெட் காசும் மிச்சம். எப்படிக்கா?"

எனக்கு அது கொஞ்சமும் விநோதமாகப் படவில்லை. எங்கள் கட்டடத்தில் நைட் ட்யூட்டிக்காரனும் பகல் ட்யூட்டிக்காரனும் ஒரே கட்டிலுக்கு வாடகை கொடுத்தார்கள். கட்டிலைப் பகிரலாம் என்றால் டிக்கெட்டைப் பகிரக் கூடாதா? ஜலஜா மட்டும், "ஹர்ஷினி ஒண்ணான்னு கேட்டாளே" என்றாள். "உள்ள போயிட்டா குழந்தைங்களுக்கு அதெல்லாம் ஞாபகமா இருக்கப்போகுது?" என்றார் தியாகு. வாழ்க்கை முழுவதும் அவர் போட்ட கணக்குகளில் இது ஒன்றுதான் தப்பியது என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் எங்கள் எல்லாரையும் தன் பழைய காரில் திணித்துக்கொண்டுபோய் மால் வாசலில் இறக்கிவிட்டுத் தன் சிநேகிதரைப் பார்க்கப் போய்விட்டார். புளியோதரையை பார்க்கிங்கிலேயே சாப்பிட்டு முடித்தோம். எனக்குப் பனியில் ஆசையில்லை. வெளியே பெரிய கண்ணாடி வழியாகச் சும்மாவே பார்க்கலாம் என்பதால் கூடப் போயிருந்தேன்.

வாசலில் மூன்று டிக்கெட்டைப் பார்த்ததும் ஹர்ஷினி நின்றுவிட்டாள். "அப்பாக்கு?"

"நீ போம்மா, அப்பா பின்னாடியே வரேன்."

அவள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் நீலக் கோட்டில் உருண்டையாக வந்தார்கள். பாலமுரளி விழுந்தான், எழுந்தான், மறுபடியும் வேண்டுமென்றே விழுந்தான். ஜலஜா வாய்விட்டுச் சிரிப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். ஹர்ஷினி மட்டும் அடிக்கடி வாசலைப் பார்த்தாள். தியாகு என் பக்கத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதி நேரம் ஆனதும் சொன்னபடி ஜலஜா வெளியே வந்தாள். தியாகு ஓடிப்போய் அவள் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனார். அங்கே நின்ற பிலிப்பினோ பெண் டிக்கெட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், ஜலஜாவைப் பார்த்தாள். பணிவாகத்தான் சொன்னாள்: ஒரு டிக்கெட்டுக்கு ஒரு ஆள். வெளியே வந்தால் முடிந்தது. அந்த அம்மாவும் இனி உள்ளே போக முடியாது.

"ஹாஃப் ஹாஃப், சிஸ்டர். ஒய்ஃப் ஹாஃப், மீ ஹாஃப்" என்று தியாகு கைகளால் வெட்டிக் காட்டினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாகவும் இருந்தது, சிரித்தவர்களை அறையலாம் போலவும் இருந்தது.

ஆக, அப்பா அம்மா இரண்டு பேரும் வெளியே, பிள்ளைகள் உள்ளே. தியாகு டிக்கெட் கவுண்ட்டர் பக்கம் நான்கு எட்டு வைப்பார், திரும்பி வருவார். விலைப் பலகையைப் படிப்பார். எனக்குப் பொறுக்கவில்லை.

"தியாகு, வாங்கித் தொலைங்களேன்! அந்தப் புள்ள வாசலையே பாத்துட்டு நிக்குதுங்க!"

ஒருவழியாகப் போய் வரிசையில் நின்றார். வெள்ளிக்கிழமைக் கூட்டம். டிக்கெட் வாங்கி, கோட்டு வாங்கி, கால் அளவுக்கு பூட்ஸ் தேடி அவர் வாசலுக்கு வந்தபோது பிள்ளைகள் நேரம் முடிந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். பாலமுரளியின் பல் கிடுகிடுவென்று ஆடியது.

ஹர்ஷினி அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். "இப்பதான் வரீங்களா?"

"வந்துட்டேன்ல?"

"எங்களுக்கு டைம் ஓவர்பா."

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று தியாகு கேட்டார். முடியாது என்றார்கள். அவர் எங்களைப் பார்த்தார். பிறகு தனியாக உள்ளே போனார்.

கண்ணாடி வழியாக நாங்கள் நான்கு பேரும் அவரைப் பார்த்தோம். எங்கே நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. யார் யார் வீட்டுப் பிள்ளைகளோ அவரைச் சுற்றி ஓடினார்கள். பனியை அள்ளுங்கள் என்று ஹர்ஷினி சைகை காட்டினாள். அள்ளி உருண்டை பிடித்தார். எறிவதற்கு ஆளில்லை. அதைக் கண்ணாடியில் அவள் முகத்துக்கு நேராக மெதுவாக எறிந்தார். ஹர்ஷினி சிரித்தாள். பிறகு, வாங்க, வெளியே வந்துடுங்க என்று கையைக் காட்டினாள். அவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார், இன்னும் நேரம் இருக்கிறதாம். அவள் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, தட்டில் உட்கார்ந்து வழுக்கும் இடத்து வரிசையில் போய் நின்றுகொண்டார். பாலமுரளி அம்மா மடியில் தூங்கிவிட்டான். ஹர்ஷினி கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு மணி நேரமும் முடிந்துதான் தியாகு வந்தார். உதடு வெளுத்துப்போயிருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அடுத்த வியாழன் இவங்க போறாங்க. இந்த ரெண்டு மணி நேரம் புள்ளைங்க கூட உக்காந்திருக்கக் கூடாதா? தனியா அங்க என்னங்க பண்ணுனீங்க?"

"காசு கட்டியாச்சேக்கா" என்றார் தியாகு. எனக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பது போலத்தான் சொன்னார்.

ஜலஜா தூங்குகிற பையனின் காலில் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமல், குரல் உயராமல் சொன்னாள்:

"இப்படியேதாங்க பன்னெண்டு வருஷமும் போச்சு. வேலைக்கு வந்தாச்சு, இருந்துட்டுப் போவோம்னீங்க. இப்ப எங்க மூணு பேருக்கும் பிளைட்டுக்குக் காசு கட்டியாச்சு. அதனால நாங்களும் போயிடுறோம்."

தியாகு பாலமுரளியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அப்பாவின் சட்டை சில்லென்று பட்டதும் பையன் தூக்கத்திலேயே சிணுங்கி அம்மாவிடம் தாவினான். தியாகு அவனை அவளிடம் கொடுத்துவிட்டு, எங்களுக்குப் பின்னால் பைகளை எடுத்துக்கொண்டு வந்தார்.