மூட முடியாத சட்டி

அருப்புக்கோட்டையில் ஒரு வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் மண்சட்டி செய்யச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, திருச்சுழியிலிருந்து பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். ஐம்பத்தாறு வயதில் இது என்ன கூத்து என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்றேன். சொல்லித் தருபவர் என் மகன் வயதுப் பெண், துணிக்கடை பாய் வீட்டு மருமகள். என்னோடு சேர்த்து ஐந்து பேர் படித்தோம்.

சக்கரம் கிடையாது. பரளச்சிக் கண்மாய் மண்ணைக் கயிறு போல உருட்டி, வட்டம் வட்டமாக அடுக்கி, விரலால் இழைத்துக்கொண்டே மேலே ஏற்ற வேண்டும். அது எனக்குச் சீக்கிரமே கைவந்துவிட்டது. வராதது கடைசி வேலைதான். எங்கள் பக்கத்துக் காற்று ஈரத்தை ஒரே நாளில் உறிஞ்சிவிடும். அதனால் பாதி முடிந்த சட்டியை அடுத்த வாரம் வரை பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டி வைக்க வேண்டும். நான் சுற்றுவேன், கட்டுவேன், வாயை மட்டும் மூடமாட்டேன். மறு சனிக்கிழமை விளிம்பு காய்ந்து வெடித்திருக்கும். மூன்று சட்டிகள் அப்படியே போயின.

"ஏக்கா, மூடுனா சட்டிக்கு மூச்சு முட்டுமாக்கும்?" என்று பலசரக்குக் கடைக்காரர் மனைவி கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளை அறையலாம் போல இருந்தது. பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

கொரோனா சமயத்தில் என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து அப்படித்தான் சுற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, நேரே சுடுகாடு. நான் காய்ச்சலில் கிடந்தேன். மகன் மட்டும் போனான். திரும்பி வந்து வாசலில் நின்றபடியே சொன்னான்: "முகத்தத் தொறந்து காட்டுனாகம்மா. அப்பா தூங்குற மாதிரிதான் இருந்தாக." அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் ஓட்டினேன். ஆனாலும், கட்டும்போது அவருக்கு உயிர் இருந்திருந்தால் என்ற நினைப்பு விட்டபாடில்லை. சமையலறையில் ஒரு கேரிபேக் சரசரத்தால் போதும், கை அப்படியே நின்றுவிடும். வகுப்பில் மற்றவர்கள் மூடிய தாளின் உட்பக்கத்தில், மூச்சுப் பட்டது போல, நீர் முத்து முத்தாகப் பூத்திருக்கும். மண்ணின் ஈரம்தான் என்று டீச்சர் சொன்னார். எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்தப் பக்கம் நான் பார்ப்பதில்லை.

நாலாவது சட்டி நன்றாக வந்தது. இதையும் வெடிக்க விட மனசில்லை. அன்றைக்குப் பந்தல்குடிக்கு வேலையாக வந்திருந்த மகன், என்னைக் கூட்டிப்போக மாடியேறி வந்தான். அதுவரை அவன் அந்த அறைக்குள் வந்ததே இல்லை. நான் சட்டியை மூடாத கதையும் அவனுக்குத் தெரியாது. "நீ கொஞ்சம் சுத்திக் கட்டுப்பா," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். "முழுசா மூடிருங்கண்ணே, காத்து படக்கூடாது," என்று டீச்சர் அவனிடம் சொன்னது காதில் விழுந்தது.

திரும்பி வந்தபோது தாளைச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டிருந்தான். சட்டியின் வாய் திறந்தே இருந்தது. மிச்சத் தாளைச் சுருட்டிக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தான்.

"அப்பா முகத்த நீ பாக்கலைல்ல?" என்று கேட்டேன்.

"பாக்கலம்மா," என்றான். "கெஞ்சிப் பாத்தேன். தொறக்கக் கூடாதுன்னுட்டாக."

எனக்காவது பிடித்துக்கொள்ள அவன் சொன்ன பொய் இருந்தது. அவனுக்கு அதுவும் இல்லை. அவனை அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, தாளை வாங்கி நானே வாயை மூடிக் கட்டினேன்.