ரெமிஜியஸ் அண்ணன் காத்த ஸ்டேட்டஸ் கோ

எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் தெருவில் எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத ஒரு மனிதர் உண்டென்றால் அவர் எதிர்வீட்டு ரெமிஜியஸ் அண்ணன்தான். டெலிபோன் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே ஒரு திருகு மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவாராம். பஸ்ஸில் 'படியில் நிற்காதீர்' என்று எழுதியிருந்தால், இறங்கும்போதுகூட அவர் படியில் ஒரு நொடி தங்கமாட்டார். இவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய எமரென்சியா அக்காவுக்குச் சொர்க்கம் நிச்சயம் என்று அவர் எதிரிலேயே சொல்லியிருக்கிறேன்.

அந்த எதிர்வீடு அண்ணன் தம்பி இருவருக்கும் அவர்கள் அப்பா கட்டி வைத்துவிட்டுப் போன ஓட்டு வீடு. ஒரு பாதியில் அண்ணன் குடும்பம், மறு பாதியில் தம்பி டொமினிக். டொமினிக் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தொண்ணூற்றாறாம் வருஷம் ஒரு பில்டர் வந்து அவர் மனதைக் கலைத்துவிட்டுப் போனார். தம்பி விற்கலாம் என்றார், அண்ணன் கூடாது என்றார், கடைசியில் தம்பி பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டார். வேடிக்கை என்னவென்றால், வக்கீல் நோட்டீஸ் வந்த வாரம்கூட, ஞாயிறு பூசை முடிந்ததும் டொமினிக் சாப்பிட்டது அண்ணன் வீட்டில்தான். மஞ்சள் சோறும் கொத்துக்கறி உருண்டைக் குழம்பும். கேஸைப் பற்றி அந்த மேஜையில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

ஜூன் மாதம் கோர்ட் ஓர் உத்தரவு போட்டது. தீர்ப்பு வரும்வரை இருவரும் 'ஸ்டேட்டஸ் கோ'வைக் காக்க வேண்டும். அண்ணன் அகராதியைப் பிரித்தார். இப்போது இருக்கிற நிலை என்று போட்டிருந்தது. அவ்வளவுதான், அன்றிலிருந்து அந்த வீட்டில் ஓர் ஆணிகூட இடம் மாறக் கூடாது என்றாகிவிட்டது. எமரென்சியா அக்கா காலண்டரை வேறு சுவரில் மாட்டப் போனபோது தடுத்தார். வாசல் பல்பு பியூஸ் ஆனது, அதையும் மாற்ற விடவில்லை, வந்தவர்களெல்லாம் இருட்டில் செருப்புத் தேடினோம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஜூலை மழையில் அந்தச் சிரிப்பு நின்றது. பக்கத்து மரத்திலிருந்து தேங்காய் விழுந்து, டொமினிக்கின் கட்டிலுக்கு மேலே ஓடுகள் நொறுங்கின. அவருக்கு ஏற்கெனவே வீசிங் தொல்லை. ஏணியோடு ஒரு மேஸ்திரியை அழைத்துவந்தார். அண்ணன் உத்தரவு நகலைப் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

"கோர்ட் ஆர்டர் இருக்குப்பா. ஓட்டுல கை வைக்கக் கூடாது."

மேஸ்திரி ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.  அந்த ஞாயிறு டொமினிக் சாப்பிட வரவில்லை, அடுத்த ஞாயிறும் வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் மட்டும் கேட்டது.

அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. "கேஸ் போட்டவர்தானே, வராட்டி போகட்டும் விடுங்க" என்று சீண்டிப் பார்த்தேன். "அவன் என் தம்பிம்மா" என்றார். பார்க்கவே பாவமாக இருந்தது. மனசு கேட்காமல் அண்ணன் என் வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு தம் வக்கீல் பாலசுப்ரமணியனிடம் போனார்.

வக்கீல் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாராம். "ஸ்டேட்டஸ் கோன்னா, ஆர்டர் வந்த அன்னைக்குச் சொத்து எப்படி இருந்துச்சோ, யார் எங்க இருந்தாங்களோ, அது மாறக் கூடாது. விக்கக் கூடாது, இடிக்கக் கூடாது, புதுசா கட்டக் கூடாது. அன்னைக்கு அந்தக் கூரை ஒழுகிச்சா?"

"இல்ல சார்."

"அப்போ ஒழுகாம பாத்துக்கறதுல என்ன தப்பு? முதல்ல போய் ஓடு மாத்த விடுங்க."

 மறுநாள் காலை அண்ணன் அதே மேஸ்திரியைத் தேடிப் பிடித்து அழைத்துவந்தார். தூறலில் நனைந்தபடி ஏணியைத் தாமே பிடித்துக்கொண்டு நின்றார். வேலை முடிந்ததும் தம்பியின் கதவைத் தட்டினார். நான் என் வாசலை விட்டு நகரவில்லை, இந்த வயதில் எனக்கென்ன வெட்கம்.

"ஆர்டர் வந்தப்போ யார் எங்க இருந்தாங்களோ அப்படியே இருக்கணுமாம்" என்றார். "அந்த வாரம் ஞாயித்துக்கிழமை நீ எங்கடா இருந்தே?"

"உன் வீட்லதான். சாப்ட்டுட்டிருந்தேன்."

"இப்ப வர்றதில்ல. அப்போ ஆர்டர மீறினது நீதான்."

"ஓட்டுல கை வைக்காதேன்னது யாருண்ணே?"

"நான்தான். தப்பா புரிஞ்சிக்கிட்டேன். அதுக்கு என்னை என்ன வேணா திட்டு. சாப்பிட மட்டும் வந்துடு."

டொமினிக் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் இருமினார். "எவ்ளோ நாளைக்கு?"

"கேஸ் முடியற வரைக்கும்."

"பாகப்பிரிவினை கேஸ்ண்ணே. நாம ரெண்டு பேரும் போய்ச் சேர்ற வரைக்கும் இழுக்கும்."

"இழுக்கட்டும்டா" என்றார் ரெமிஜியஸ் அண்ணன்.

டொமினிக் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு அண்ணன் பின்னாலேயே நடந்தார். அன்று ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை.