அழுகாத சரக்கு

பங்குத் தரகனுக்கு ஊரில் இரண்டு பெயர்கள்தான்: விலை ஏறினால் 'நம்ம தம்பி', இறங்கினால் 'அந்த ஆளு'. காப்புறுதி விற்பவர்களே, சீட்டுப் பிடிப்பவர்களே, அடுத்தவர் காசுக்கு வழி சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு இது புரியும். பதுளை பஜாரில் ஒரு மாடி அறைதான் எங்கள் கிளை.

பொழுது சாய்வதற்குள்

அருளப்பன் அண்ணன் பண்டாரவளையில் மரக்கறி மொத்த வியாபாரி. வாடகைக் கடையைச் சொந்தமாக்கிக்கொள்வதுதான் அவருடைய ஒரே ஆசை. அதற்காகச் சேர்த்த காசோடு என்னிடம் வந்தார். சந்தைச் சுட்டெண்ணில் உள்ள பெரிய கம்பெனிகளில், நன்றாகச் சம்பாதித்தும் விலை மலிந்து கிடந்த ஒன்றைக் காட்டினேன். சவர்க்காரமும் பிஸ்கட்டும் விற்கிற பழைய கம்பெனி. வாங்கினார்.

மறுநாள் பகலே போன். விலை கொஞ்சம் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அண்ணன் லீக்ஸும் முட்டைக்கோவாவும் விற்றுப் பழகியவர். பொழுது சாய்வதற்குள் வந்த விலைக்குத் தள்ளாவிட்டால் அவர் சரக்கு வாடிவிடும். பங்கு வாடாது என்று எவ்வளவோ சொன்னேன்.

"நாளைக்கு வச்சிருந்தா யாரு தம்பி வாங்குவா? இன்னிக்கே தள்ளிவிட்டுருங்க!"

ரொக்கம் மட்டும்

அன்றைக்கு எப்படியோ கெஞ்சி அவரை விற்கவிடாமல் நிறுத்தினேன். அப்புறம் நாடே படுத்துவிட்டது. டீசல் இல்லாமல் லொறிகள் நின்றன. பங்குச் சந்தை சரிந்ததில் அண்ணன் வாங்கிய விலையில் பாதிகூட மிஞ்சவில்லை. இந்த முறை நேரிலேயே வந்தார். "கடையும் போச்சு, காசும் போச்சு. இருக்கிறதை வித்துக் குடுங்க" என்றார். எனக்கும் பயம்தான். காட்டிக்கொள்ளாமல் கீழே டீ குடிக்கக் கூட்டிப்போனேன்.

பக்கத்துப் பலசரக்குக் கடையில் அதே கம்பெனியின் ஏஜென்ட் ஓட்டோவில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தான். கடைக்காரர் கடன் கேட்டுக் கெஞ்சினார். அவன் அசையவில்லை. முணுமுணுத்தபடி அவர் ரொக்கத்தை எடுத்து நீட்டினார். அண்ணன் டீயை ஆறவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கைக்காசு இல்லாம ஒரு பெட்டி சவக்காரம் தரமாட்டேங்குறான். இவங்க கம்பெனிய நான் அடிமாட்டு விலைக்கு விக்கணுமா? முடியாது போங்க!"

கொழும்பிலிருந்து

அண்ணன் விற்கவில்லை என்ற செய்தி பரவ, என்னிடம் பங்கு வாங்கியிருந்த பசறை டீச்சரம்மா முதல் எல்லோரும் பங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்கள். வாங்கினாலோ விற்றாலோதான் எங்களுக்குக் கமிஷன். தலைமை அலுவலக மேலாளர் போன் பண்ணினார்.

"பதுளையில ஆளுங்க இருக்கீங்களா, இல்ல ஆபீஸைப் பூட்டிட்டீங்களா?"

பால் பொங்கிய நாள்

நாடு மெல்ல எழுந்தது. பங்கு, வாங்கிய விலையைத் தாண்டி ஓடியது. கடைக்குத் தேவையானதை மட்டும் விற்று, மீதியைத் தொடாமல் வைத்தார் அண்ணன். அந்தக் கெட்ட காலத்தில் கடையை வாங்க வேறு ஆளும் வந்திருக்கவில்லை.

சொந்தமாகிவிட்ட கடையைப் பாதர் வந்து மந்திரித்தார், பால் பொங்கியது. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து, சந்தைக்கே கேட்கும்படி அண்ணன் கத்தினார்.

"இவருதாங்க நம்ம தம்பி! என்னைய ஒண்ணுமே செய்யவிடாம கடை வாங்கிக் குடுத்தவரு!"

ஒன்றும் செய்யவிடாமல் தடுத்ததற்கும் கமிஷன் உண்டு என்று சட்டம் வந்தால், ஊவா மாகாணத்தின் முதல் பணக்காரன் நான்தான்.