ஏழாவது பஸ்

அன்று நடந்தவை:

1. பெரம்பலூரில் நான் சேர்ந்திருந்த கம்ப்யூட்டர் ஆபீஸில் என் மூன்று மாதச் சோதனைக் காலம் முடிந்தது. வேலை நிலைக்குமா என்பது நான் செய்த பஸ் நேரப் பக்கத்தைப் பொறுத்தது.
2. அதைக் கேட்டிருந்த அரியலூர் டிராவல்ஸ்காரர் பார்க்க வந்தார்.
3. ஊர்ப் பெட்டியில் ஜெயங்கொண்டம், எண் பெட்டியில் ஏழாவது பஸ்ஸுக்காக 7 என்று தட்டினார்.
4. ஜெயங்கொண்டம் போகும் எல்லா பஸ்ஸும் திரையில் வந்து நின்றன.

“ஒரு பஸ் கேட்டேன், ஸ்டாண்டையே கிளப்பி வுட்டுட்டீங்களேம்மா,” என்றார்.

முதலாளி சிரிக்கவில்லை. “இதைச் சரி பண்ண திருச்சிலேர்ந்து ஆளை வரச் சொல்லட்டா?” என்று என்னைக் கேட்டார்.

“அரை மணி நேரம் குடுங்க சார்.”

“டீ சொல்லுங்க, உக்காந்திருக்கேன்,” என்றார் வந்தவர்.

எனக்கு முன் அங்கே தரவை வலைப்பக்கமாக மாற்றும் எக்ஸ்எஸ்எல்டி பைலை ஊருக்கு ஒன்றாக எழுதி வைத்திருந்தார்கள். நான் அவற்றை ஒரே பைலாக்கியிருந்தேன். ஊரும் எண்ணும் பாராமீட்டர்களாக, அதாவது பெட்டியில் தட்டும் மதிப்புகளாக, வெளியிலிருந்து வரும். தரவுக்குள் பஸ்ஸைத் தேடும் பாதையில், சதுர அடைப்புக்குள் அவை உட்காரும். ஊர் சரியாக வேலை செய்தது. ஆகவே தவறு எண்ணில்தான்.

சோதித்தபோது 7 என்பதை நானே பைலுக்குள் எண்ணாக எழுதியிருந்தேன். பெட்டியில் தட்டும் 7 எழுத்தாக வருகிறது. அடைப்புக்குள் எண் இருந்தால் அது வரிசையில் எத்தனையாவது என்று பொருள். எழுத்து இருந்தால், அது காலியா இல்லையா என்று மட்டும் பார்க்கும். காலியில்லை, எனவே ஒவ்வொரு பஸ்ஸும் தேறிவிட்டது.

‘வரிசை எண் இந்த பாராமீட்டருக்குச் சமம்’ என்று அந்த இடத்தை மாற்றினேன். டீ ஆறுவதற்குள் முடிந்தது.

டிராவல்ஸ்காரர் மறுபடி 7 தட்டினார், ஒரு பஸ் வந்தது. 12 தட்டினார், ஒன்று. வேண்டுமென்றே 0 தட்டிப் பார்த்தார், எதுவும் வரவில்லை.

“இல்லாத பஸ்ஸை இல்லைன்னே சொல்லுது. எங்க ஆபீஸ் பையன்கூட அப்படிச் சொல்ல மாட்டான்.”

“எத்தனை பைல்ல மாத்துனே?” என்று கேட்டார் முதலாளி.

“ஒரு பைல், ஒரு வரி சார்.”

திருச்சிப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. அந்த வாரமே எனக்கு நிரந்தர வேலைக்கான கடிதம் தந்தார். பிறகு குன்னம், பூலாம்பாடி ஊர்களும் அந்தப் பக்கத்தில் சேர்ந்தன. பைல் இன்றும் ஒன்றுதான். அதைப் பார்த்துக்கொள்வது நான்.