கோப்பைக்கு நேர்ந்த சீனி

பந்து நம்முடைய வளையத்தில் விழுந்தால் உதட்டைப் பிதுக்க வேண்டும், எதிராளி வளையத்தில் விழுந்தால் கைதட்ட வேண்டும். கூடைப்பந்தைப் பற்றி எட்டு வயதில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு சீசன் முழுக்க நான் பண்ணிய அலட்டல் இருக்கிறதே, அணியின் கோச்கூட அவ்வளவு அலட்டியிருக்க மாட்டார். அணியின் பஸ்ஸை ஓட்டியது எங்கள் வாப்பா. அதனால் அது எங்கள் அணி.

ஷார்ஜாவில், முவைலாவில், கிளப் கொடுத்த ஒற்றை அறை வீட்டில் வாப்பாவும் உம்மாவும் நானும் இருந்தோம். ஆட்டம் நடக்கும் நாளில் எங்களைக் குடும்ப வரிசையில் உட்காரவைத்துவிட்டு வாப்பா பஸ்ஸுக்குத் தூங்கப் போய்விடுவார். அணியில் ஓர் அமெரிக்காக்காரர் இருந்தார். பஸ்ஸில் ஏற அவர் மூன்றாக மடங்க வேண்டும். அவரை முதலில் பார்த்த அன்று உம்மா, "யா அல்லாஹ், இந்தப் புள்ளைக்கு இதோட உம்மா எப்புடித்தான் சட்டை தச்சுப் போட்டாளோ" என்றாள்.

லீக் ஆட்டங்கள் முடியும் சமயத்தில் ஒருநாள் வாப்பா வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அடுத்த சீசனிலிருந்து பஸ்ஸை ஒரு கம்பெனிக்குக் கான்ட்ராக்ட் விடப்போகிறார்களாம். "சீசன் கலாஸ், பாய், நீயும் கலாஸ்" என்று மேனேஜர் கணக்கை முடித்துவிட்டார். வேலை போனால் வாப்பாவின் விசா போகும். அதில் தொங்கிக்கொண்டிருந்த எங்கள் விசாவும் வீடும் சேர்ந்தே போகும். சவூதியில், தம்மாமில் மாமா ஒரு லாரி வேலை பார்த்துவைத்திருந்தார். ஆனால் கேம்ப் வாழ்க்கை, குடும்பத்துக்கு இடமில்லை. புஜைராவில் ஒரு எண்ணெய்க் கிடங்கில் பஸ் ஓட்ட ஆள் தேவை, குடும்ப விசாவும் உண்டு. கையெழுத்துப் போடவேண்டிய முதலாளி மட்டும் லீவில் போயிருந்தார்.

"டூட்டியில உள்ள ஆளத்தான் எடுப்பாராம். கேன்சல் ஆன ஆளு வேணாம்பாராம். அவர் வர்ற வரைக்கும் தம் கட்டச் சொல்றான், அங்க உள்ள மலையாளி" என்று வாப்பா உம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"நாம ஊருக்குப் போயிருவோமா வாப்பா?"

"டீம் ஜெயிக்கிற வரைக்கும் இங்கனதாம்மா இருப்போம்."

அவர் பொய் சொல்லவில்லை. அடுத்து வந்தவையெல்லாம் தோற்றால் மூட்டை கட்டவேண்டிய ஆட்டங்கள். அதன்பிறகு வாப்பா பஸ்ஸில் தூங்கவில்லை. உள்ளே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு தொண்டை கட்டும்வரை கத்தினார். எது நம்ம கட்சி என்றே தெரியாத உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டினாள். அரையிறுதியில் கடைசி நொடியில் அமெரிக்காக்காரர் எறிந்த பந்து வளையத்தில் சுற்றி, போவோமா வேண்டாமா என்று யோசித்து, உள்ளே விழுந்தது. வாப்பா பக்கத்திலிருந்த பாகிஸ்தானி காவலாளியைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். அன்று வெளியே பிரியாணி வாங்கிச் சாப்பிட்டோம்.

இறுதிச் சுற்றின் கணக்கு வேறு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிப்பவருக்குக் கோப்பை. முதல் ஆட்டத்தை ஜெயித்தாகிவிட்டது. இரண்டாவதில் தோற்றால்தான் அடுத்த வெள்ளிக்கிழமை மூன்றாவது ஆட்டம் இருக்கும். புஜைரா முதலாளியும் அதற்குள் வந்துவிடுவார். ஜெயித்துவிட்டால் சீசன் அன்றோடு முடிந்தது.

நானோ அன்று காலையில் நேர்ச்சை வைத்திருந்தேன். காய்ச்சலோ பரீட்சையோ, எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் தர்காவுக்குச் சீனி நேர்ந்துகொள்வார்கள். இன்றைக்கு ஜெயித்துக் கோப்பை வாங்கிவிட்டால் ஊருக்குப் போகும்போது சீனி கொடுக்கிறேன் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு கேட்டேன். வெளியே சொன்னால் பலிக்காது என்று வாயைத் திறக்கவில்லை.

அந்த ஆட்டத்தில் வாப்பா கத்தவில்லை. உம்மாவுக்குப் பக்கத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரணிக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து எறிந்த பந்து விழுந்ததும் உம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். எனக்கு மானம் போயிற்று.

"அய்யோ உம்மா, அது அவங்க ஆளு!"

"தெரியாமச் சொல்லிட்டேம்மா" என்றாள் உம்மா. வாப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிவரை பின்தங்கிக் கிடந்த எங்கள் ஆட்கள் எங்கிருந்தோ எழுந்துவந்து ஜெயித்துத் தொலைத்தார்கள். அரங்கமே குதித்தது. "பஸ்ஸ எடுக்கணும்" என்று வாப்பா எழுந்து போய்விட்டார். அமெரிக்காக்காரர் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். பஸ்ஸில் கோப்பை கைமாறிக் கைமாறி என் மடிக்கும் வந்தது. "யல்லா பாய், ஹாரன்! ஹாரன்!" என்று மேனேஜர் கத்த, வாப்பா கடற்கரைச் சாலை முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினார். எங்கள் வாப்பாவைப் போல ஹாரன் அடிக்க ஆளில்லை என்று நான் கைதட்டினேன்.

மறுநாள் காலை புதுக் கம்பெனியின் பஸ் வந்து நின்றது. புஜைராவிலிருந்து பிறகு போன் வரவே இல்லை. வாப்பா தம்மாமுக்குப் போனார். நாங்கள் ஊருக்கு வந்தோம். அதன்பிறகு வாப்பா என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் லீவுதான்.

ஊருக்கு வந்த வாரமே நேர்ச்சையை ஞாபகப்படுத்தினேன். எதற்கு என்று கேட்டாள் உம்மா. சொன்னேன். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு எழுந்துபோய்ச் சீனி வாங்கி வந்தாள். தர்காவில் பாத்திஹா ஓதி, வந்தவர் கையிலெல்லாம் நானே அள்ளி வைத்தேன்.

அன்று மாலை வாப்பா போன் பண்ணினார்.

"வாப்பா, நேர்ச்சையைக் குடுத்துட்டேன்!"

"என்ன நேர்ச்சம்மா?"

"நம்ம டீம் அன்னைக்கே கப்பு வாங்கணும்னு நேந்திருந்தேன்ல. நான் கேட்டதாலதான் ஜெயிச்சாங்க!"

"அப்புடியாம்மா" என்றார். பிறகு, "கேட்டது கெடச்சா குடுக்கறதுதான் மொறை. நல்லது செஞ்சே" என்றார்.

அதற்குமேல் சத்தமே இல்லை. தம்மாமில் சிக்னல் சரியில்லை என்று நினைத்து, "ஹலோ வாப்பா, கேக்குதா? கேக்குதா?" என்று தெருவே கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தேன்.